ஆர்பெஸ் ஆய்வில் உங்கள் முதல் படம்: செம்புப் படிகத்திலிருந்து தொடங்குவோம்

ஒரு திடப்பொருள் மின்சாரத்தைக் கடத்துமா, தடுக்குமா, குளிர்வித்தால் மீக்கடத்தியாக மாறுமா என்பதெல்லாம் உள்ளே இருக்கும் எலக்ட்ரான்களின் ஆற்றலையும் உந்தத்தையும் பொறுத்தது. பெரும்பாலான அளவீடுகள் இதைச் சுற்றி வளைத்துத்தான் சொல்கின்றன. மின்தடையை அளந்தால் எண்ணற்ற எலக்ட்ரான்களின் கூட்டு விளைவு ஒற்றை எண்ணாகக் கிடைக்கும். கோணம் பிரித்து அளக்கும் ஒளிஎலக்ட்ரான் நிறமாலையியல், அதாவது ஆய்வகங்களில் ஆர்பெஸ் என்று சொல்லப்படுவது, ஆற்றலையும் உந்தத்தையும் ஒரே படத்தில் காட்டிவிடுகிறது. புத்தகத்தில் கோடாகப் பார்த்த ஆற்றல் பட்டை கணினித் திரையில் வெளிச்சக் கோடாக வந்து நிற்கும்.

புதிதாக வருபவர்களுக்கு அந்தப் படத்தின் அழகே ஆபத்து. திரையில் ஒரு வளைகோடு தெரிந்ததும் அதுதான் பட்டை என்று நம்பத் தோன்றும். அந்தக் கோடு சாம்பிளுடையதா, விளக்குடையதா, மேற்பரப்பில் ஒட்டிய அழுக்குடையதா என்று படம் தானாகச் சொல்லாது. அதனால் இந்தத் துறைக்கு வரும் எவருக்கும் நான் முதலில் சொல்வது: நீங்கள் ஆராய வந்த புதுப் படிகத்தை முதல் நாளே சேம்பருக்குள், அதாவது அளவீடு நடக்கும் வெற்றிடக் கலத்துக்குள், ஏற்றாதீர்கள். விடை நன்றாகத் தெரிந்த ஒன்றை முதலில் அளந்து, அந்த விடையை உங்கள் கையால் வரவழைத்துக் காட்டுங்கள். செம்பின் (111) முகம், அதாவது செம்புப் படிகத்தைக் குறிப்பிட்ட ஒரு திசையில் வெட்டிய பரப்பு, அதற்கு மிகப் பொருத்தமானது. கீழே வரும் படிகள் அதை வைத்தே எழுதப்பட்டவை.

கணக்கு எங்கிருந்து வருகிறது

1887இல் ஹெர்ட்ஸ் கவனித்த ஒளிமின் விளைவுக்கு 1905இல் ஐன்ஸ்டைன் விளக்கம் தந்தார். ஸ்வீடனின் உப்சாலாவில் காய் சீக்பான் குழு அதை நுட்பமான அளவீட்டு முறையாக வளர்த்தது. அதற்காக அவருக்கு 1981இல் நோபல் பரிசு கிடைத்தது. அடிப்படைச் சமன்பாடு பள்ளிப் புத்தகத்தில் இருப்பதுதான். வரும் ஃபோட்டானின் ஆற்றலிலிருந்து வெளியேற்று ஆற்றலையும் (பரப்பைத் தாண்டி வெளியே வரத் தேவையான ஆற்றல்) எலக்ட்ரானின் பிணைப்பு ஆற்றலையும் கழித்தால் வெளியே வரும் எலக்ட்ரானின் இயக்க ஆற்றல் மிஞ்சும். இனி எலக்ட்ரான் வோல்ட்டை எ.வோ. என்றும், அதில் ஆயிரத்தில் ஒரு பங்கை மி.எ.வோ. என்றும் எழுதுகிறேன்.

ஹீலியம் விளக்கின் முதன்மைக் கோடு 21.22 எ.வோ. வெளியேற்று ஆற்றல் 4.4 என்று வைத்துக்கொண்டால் ஃபெர்மி மட்டத்தில், அதாவது எலக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் உச்ச ஆற்றலில், இருந்த எலக்ட்ரான் சுமார் 16.8 எ.வோ. இயக்க ஆற்றலோடு வந்து சேரும். இங்கே ஒரு குழப்பம் எல்லோருக்கும் வரும். கழிக்க வேண்டியது சாம்பிளின் வெளியேற்று ஆற்றல் இல்லையா? இல்லை. சாம்பிளும், எலக்ட்ரான்களின் ஆற்றலையும் கோணத்தையும் அளக்கும் அனலைசரும் மின்சார ரீதியாக இணைந்திருப்பதால் இரண்டின் ஃபெர்மி மட்டமும் ஒன்றாகிவிடும். வெளியேற்று ஆற்றல்களில் உள்ள வேறுபாட்டை இடையில் உருவாகும் மின்னழுத்தம் சரிசெய்துவிடுவதால், கணக்கில் நிற்பது அனலைசரின் வெளியேற்று ஆற்றல்தான். எந்த சாம்பிளை வைத்தாலும் ஃபெர்மி மட்டம் ஒரே இயக்க ஆற்றலில் வருவதற்கு இதுவே காரணம். ஒருமுறை தங்கத்தில் அதைக் கண்டுபிடித்துவிட்டால் மற்றவற்றுக்கும் அதையே எடுத்துக்கொள்ளலாம் என்பதும் இதனால்தான்.

உந்தம் கோணத்திலிருந்து வருகிறது. எலக்ட்ரான் மேற்பரப்பைத் தாண்டும்போது பரப்புக்கு இணையான உந்தம் மாறுவதில்லை. செங்குத்தான உந்தம் மாறிவிடுகிறது. இணையான உந்தத்துக்கான சூத்திரத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்:

உந்தம் = 0.512 × √இயக்க ஆற்றல் × சைன் கோணம்

ஆற்றலை எ.வோ. அளவில் போட்டால் விடை ஆங்ஸ்ட்ராமுக்கு இவ்வளவு என்று வரும். 16.8க்கு வர்க்கமூலம் 4.1, அதை 0.512ஆல் பெருக்கினால் 2.10. ஒரு பாகைக்கு சுமார் 0.037. இதையே அலுமினியம் எக்ஸ்-கதிரின் 1486.6 எ.வோ. கொண்டு செய்தால் ஒரு பாகைக்கு சுமார் 0.34 ஆகிவிடும், அதாவது ஒன்பது மடங்கு கரடுமுரடு. பட்டைகளைப் பார்க்கக் குறைந்த ஆற்றல் ஒளியும், எந்த அணுக்கள் எந்த வேதி நிலையில் இருக்கின்றன என்று பார்க்க எக்ஸ்-கதிரும் பயன்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எந்த ஒளி

பல்கலைக்கழக ஆய்வகத்தில் பெரும்பாலும் ஹீலியம் விளக்குதான் இருக்கும். கற்றுக்கொள்ள அது போதும். 6, 7 எ.வோ. லேசர்கள் மிகக் கூர்மையான படம் தரும். ஆனால் எலக்ட்ரானின் இயக்க ஆற்றல் குறைவாக இருப்பதால் ஆங்ஸ்ட்ராமுக்கு 0.8 அளவுக்கு மேல் உந்தத்தை எட்ட முடியாது. கிராஃபீனின் முக்கியப் புள்ளி 1.70இல் இருப்பதால் லேசரில் அதைப் பார்க்கவே முடியாது. ஹீலியம் விளக்கில் சாம்பிளை 54 பாகை திருப்பினால் அது தெரியும். எலக்ட்ரான்களை வளையத்தில் வேகமாக ஓடவிட்டு ஒளி எடுக்கும் சிங்க்ரோட்ரானில் ஃபோட்டான் ஆற்றலை விருப்பப்படி மாற்றலாம், ஒளிப்புள்ளியையும் சிறிதாக்கலாம். இந்தூரில் உள்ள ராஜா ராமண்ணா மையத்தின் இன்டஸ் வளையங்களும், இத்தாலியின் ட்ரியஸ்டேயில் உள்ள எலெட்ராவும் நம் மாணவர்கள் போய்வரும் இடங்கள். அங்கே பீம்டைம், அதாவது அந்த ஒளியைப் பயன்படுத்த ஒதுக்கும் நேரம், கேட்டு விண்ணப்பிப்பதற்கு முன்பே கீழே சொல்லும் வேலைகள் கைப்பழக்கமாகிவிட வேண்டும். பீம்டைம் என்பது சில நாட்கள்தான், கற்றுக்கொள்ளும் நேரம் அது இல்லை.

வெற்றிடம்

ஆர்பெஸில் வெளிவரும் எலக்ட்ரான்கள் திடப்பொருளுக்குள் ஆற்றலை இழக்காமல் கடக்கக்கூடிய தூரம் மிகக் குறைவு. 20 முதல் 100 எ.வோ. வரையிலான எலக்ட்ரான்களுக்கு அது 5 முதல் 10 ஆங்ஸ்ட்ராம். அதாவது நாம் பார்ப்பது மேலே உள்ள ஒரு சில அணு அடுக்குகளை மட்டும். அந்த மேல் அடுக்கின் மீது காற்றின் மூலக்கூறுகள் ஒரு படலமாக ஒட்டினால் நாம் அளப்பது அந்தப் படலத்தைத்தான்.

எவ்வளவு நேரத்தில் ஒட்டும்? வந்து மோதும் ஒவ்வொரு மூலக்கூறும் ஒட்டிக்கொள்கிறது என்று வைத்தால், 10⁻⁶ டார் அழுத்தத்தில் ஏறக்குறைய ஒரு விநாடியில் ஓர் அடுக்கு உருவாகிவிடும். 10⁻¹⁰ டாரில் அதற்கு 10,000 விநாடி, அதாவது கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மணி நேரம். உங்கள் வேலை நேரத்தை முடிவு செய்வது இந்த எண்தான். 10⁻¹¹ வரை இறங்கிய சேம்பரில் ஒரு நாள் முழுக்க ஒரே பரப்பை அளக்கலாம்.

அந்த நிலைக்கு வர சேம்பரை 120 முதல் 150 டிகிரி வரை சூடாக்கி, ஓரிரு நாள் அப்படியே வைத்து, சுவரில் ஒட்டியிருக்கும் நீரை வெளியேற்ற வேண்டும். இதற்கு பேக்-அவுட் என்று பெயர். அதன் பிறகு டைட்டானியம் பம்பும் அயான் பம்பும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். அவசரப்பட்டு ஒரு நாளோடு நிறுத்தினால் அடுத்த பல வாரங்கள் அதற்கான விலையைக் கொடுக்க வேண்டியிருக்கும். உள்ளே போகும் எதையும் வெறுங்கையால் தொடாதீர்கள். பவுடர் இல்லாத கையுறை போட்டுக்கொண்டு, ஸ்க்ரூ முதல் தகடு வரை எல்லாவற்றையும் அசிட்டோனிலும் ஐசோபுரொப்பனாலிலும் அல்ட்ராசானிக் தொட்டியில் கழுவுங்கள். காந்தத் தன்மையுள்ள ஸ்க்ரூ சாம்பிள் பக்கத்தில் இருக்கவே கூடாது. பூமியின் காந்தப்புலமே இந்த மெதுவான எலக்ட்ரான்களின் பாதையை வளைத்துவிடும் என்பதால்தான் சேம்பருக்குள் காந்தப்புலத்தைத் தடுக்கும் மியூ-மெட்டல் உறை போட்டிருக்கிறார்கள். ஒரு சாதாரண எஃகு ஸ்க்ரூ அந்த ஏற்பாட்டையே கெடுத்துவிடும்.

மேற்பரப்பைத் தயார் செய்தல்

எனக்குத் தெரிந்து ஒரு நல்ல படத்துக்கும் கெட்ட படத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

செம்பு போன்ற உலோகத்துக்கு வழி இது: ஆர்கான் அயனிகளை 1000 எ.வோ. அளவில் மோதவிட்டு மேல் அடுக்குகளைப் பெயர்த்தெடுங்கள். அது பரப்பைக் குண்டும் குழியுமாக்கிவிடும். அப்புறம் சுமார் 500 டிகிரிக்குச் சூடாக்கி அணுக்களைப் பழையபடி வரிசையாக அமரவிடுங்கள். இந்த இரண்டும் சேர்ந்தது ஒரு சுற்று. புதிதாக வாங்கிய செம்புப் படிகத்துக்கு ஓரிரு சுற்று போதவே போதாது. உலோகத்துக்குள் துளித் துளியாக இருக்கும் கந்தகம் சூடாக்கும்போது மேலே வந்துவிடும். அதைப் பெயர்த்தால் அடுத்த முறை இன்னும் கொஞ்சம் வரும். வருவது நிற்கும் வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பழகிய படிகம் என்றால் இரண்டு, மூன்று சுற்றில் தயாராகிவிடும். கடைசிச் சுற்றில் சூடாக்கும்போது அழுத்தமானியில் ஒரு கண் வைத்திருங்கள். 10⁻⁹க்கு மேல் ஏறினால் சூட்டைக் குறைத்து மெதுவாகப் போங்கள்.

அடுக்கடுக்காகப் பிரியும் படிகங்களுக்கு, உதாரணமாக பிஸ்மத் செலினைடு, வழி வேறு. அவற்றைச் சேம்பருக்குள்ளேயே பிளக்க வேண்டும். படிகத்தைத் தகட்டில் வெள்ளி எபாக்ஸியால் ஒட்டி, மேலே ஒரு சிறிய பீங்கான் குச்சியை நிறுத்தி, அதையும் எபாக்ஸியால் ஒட்டி, அடுப்பில் இறுகவிட வேண்டும். வெற்றிடத்துக்குள் போன பிறகு குச்சியை நெம்புகோலால் பக்கவாட்டில் தட்டினால் அது மேல் அடுக்குகளோடு பிய்ந்து விழும். கீழே அதுவரை காற்றே படாத புது முகம் இருக்கும்.

எபாக்ஸியை எவ்வளவு வைப்பது என்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. குச்சியின் அடியில் வைத்தது வழிந்து படிகத்தின் ஓரம் வழியாகத் தகட்டைத் தொட்டுவிட்டால், தட்டும்போது படிகம் பிளக்காது. மொத்தமாகப் பெயர்ந்து போகும், அல்லது குச்சி மட்டும் உடையும். ஊசி முனையால் தொட்டு வைக்கும் ஒரு புள்ளி போதும். நுண்ணோக்கியின் கீழ், குச்சியின் விட்டத்தைவிட எபாக்ஸி வெளியே பரவாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். படிகத்துக்கு அடியில் மட்டும் தாராளமாக வைக்கலாம். அங்கே மின் இணைப்பும் வெப்ப இணைப்பும் நன்றாக இருந்தால்தான் சாம்பிள் குளிரும், மின்னேற்றமும் தேங்காது.

தட்டியதும் ஜன்னல் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். கண்ணாடி போல ஒரே கோணத்தில் பளிச்சிடும் பகுதி இருக்கிறதா? இருந்தால் ஒளிப்புள்ளியை அங்கே கொண்டு போங்கள். சாம்பிளைக் கொஞ்சம் திருப்பும்போது பளபளப்பு ஓர் ஓரத்திலிருந்து இன்னோர் ஓரத்துக்கு நகர்ந்தால் முகம் வளைந்திருக்கிறது என்று பொருள். ஹீலியம் விளக்கின் ஒளிப்புள்ளி ஒரு மில்லிமீட்டர் அளவுக்குப் பெரியதாக இருப்பதால் வளைந்த முகத்தில் கோணமெல்லாம் கலந்து படம் மங்கிவிடும். இன்னொரு சாம்பிளை ஏற்றுவதே நல்லது.

குளிர்வித்த நிலையில் பிளப்பதாக இருந்தால் முதலில் குளிர்கருவியை முழுவதும் குளிரவிடுங்கள். சேம்பரில் மிச்சமிருக்கும் வாயு அதன் உறையில் படிந்த பிறகு பிளந்தால், புது முகத்தில் படிவது குறையும்.

இரண்டு வழியிலும், அளக்கத் தொடங்கும் முன் லீட் படம் எடுங்கள். மெதுவான எலக்ட்ரான்களைப் பரப்பில் மோதவிட்டு வரும் விளிம்பு விளைவுப் புள்ளிகள்தான் லீட். செம்பு (111)இல் கூர்மையான ஆறு புள்ளிகள், கறுத்த பின்னணி. புள்ளிகளுக்கு நடுவே மூடுபனி போல வெளிச்சம் இருந்தால் இன்னொரு சுற்று தேவை. எந்தத் திசை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் இந்தப் படத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தேட வேண்டியிருக்காது.

தங்கத்தில் பூஜ்யக் கோடு

சாம்பிளுக்கு முன் தங்கம். சாம்பிள் தகட்டுக்கு அருகிலேயே மின் இணைப்போடு ஒரு பலபடிகத் தங்கத் துண்டை வைத்திருப்பார்கள். அது சுத்தமாக இருக்க வேண்டும். அதன் ஃபெர்மி விளிம்பை அளந்தால் மூன்று விஷயங்கள் ஒரே அளவீட்டில் கிடைக்கும்: பூஜ்யக் கோடு எங்கே, கருவியின் பிரிதிறன் எவ்வளவு, சாம்பிள் உண்மையில் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது.

விளிம்பின் அகலத்தில் வெப்பத்தின் பங்கு, 10 சதவீதத்திலிருந்து 90 சதவீதம் வரை எடுத்தால், போல்ட்ஸ்மன் மாறிலியையும் வெப்பநிலையையும் பெருக்கி வருவதைப் போல 4.4 மடங்கு. அறை வெப்பநிலையில் அது 114 மி.எ.வோ.; 10 கெல்வினில் வெறும் 3.8. குளிர்கருவி 10 கெல்வின் என்று காட்டும்போது தங்கத்தின் விளிம்பு அதைவிட மிக அகலமாக வந்தால் இரண்டில் ஒன்று: கருவியின் பிரிதிறன் மோசம், அல்லது வெப்பமானி இருக்கும் இடம் குளிர்ந்திருக்கிறது, சாம்பிள் இருக்கும் இடம் குளிரவில்லை.

கருவியின் பிரிதிறனைக் கையாலேயே கணக்கிட்டுவிடலாம். அரைக்கோள அனலைசருக்கு அது தோராயமாக, பாஸ் எனர்ஜி எனப்படும் உள் ஆற்றலை எலக்ட்ரான்கள் நுழையும் பிளவின் அகலத்தால் பெருக்கி, சராசரி ஆரத்தின் இரு மடங்கால் வகுத்தால் வருவது. ஆரம் 200 மி.மீ., பிளவு 0.2 மி.மீ., உள் ஆற்றல் 5 எ.வோ. என்றால் 2.5 மி.எ.வோ. பிளவை 0.5 ஆகவும் உள் ஆற்றலை 20 ஆகவும் வைத்தால் 25 மி.எ.வோ. சல்லடைக் கண்ணைச் சிறிதாக்கினால் மாவு நைசாகவும் விழும், கொஞ்சமாகவும் விழும். இங்கும் அதே கதைதான். தேடும்போது பெரிய பிளவில் வேகமாகத் தேடுங்கள், கண்டுபிடித்ததும் சிறிய பிளவுக்கு மாறுங்கள். பிளவையோ உள் ஆற்றலையோ மாற்றினால் தங்கத்தை மறுபடியும் அளக்க வேண்டும்.

இன்னொன்று: தங்கத்தின் விளிம்பு திரையில் நேர்கோடாக இல்லாமல் லேசான வில்லாக வளைந்திருக்கும். அது தங்கத்தின் பண்பு இல்லை, அனலைசரின் வடிவியலால் வருவது. ஒவ்வொரு கோணத்துக்கும் தனித்தனியாக விளிம்பைப் பொருத்தி அந்த வளைவைச் சேமித்து, பின்னால் சாம்பிள் படத்திலிருந்து நீக்க வேண்டும். சில மி.எ.வோ. அளவிலான இடைவெளியைத் தேடும் வேலையில் இதைச் செய்யாமல் விட்டால் இல்லாத இடைவெளி இருப்பது போலத் தெரியும்.

செம்பின் பரவளையம்

சரி, இப்போது செம்பு. ஃபெர்மி மட்டத்திலிருந்து 1 எ.வோ. கீழே வரை அனலைசரைத் திறந்து, சாம்பிளை மெதுவாகச் சாய்த்துக்கொண்டே வாருங்கள். பரப்புக்குச் செங்குத்தான திசைக்கு வந்ததும் கிண்ணம் போல ஒரு பரவளையம் தெரியும். இது ஷாக்லி மேற்பரப்பு நிலை. படிகத்தின் உட்பகுதியில் இந்த ஆற்றலில் எலக்ட்ரானுக்கு இடமில்லாததால் மேற்பரப்பிலேயே சிறைப்பட்டு அங்கேயே ஓடித்திரியும் எலக்ட்ரான்கள் இவை. பரப்பில் அழுக்குச் சேர்ந்தால் முதலில் மங்குவது இதுதான். அதனாலேயே இதைப் பரப்பின் சுத்தத்துக்கான சோதனையாகவும் வைத்துக்கொள்ளலாம்.

கிண்ணத்தின் அடி குளிர்வித்த நிலையில் ஃபெர்மி மட்டத்துக்கு சுமார் 0.43 எ.வோ. கீழே இருக்க வேண்டும். அறை வெப்பநிலையில் சில பத்து மி.எ.வோ. மேலே ஏறி நிற்கும். கிண்ணத்தின் இரு விளிம்பும் ஃபெர்மி மட்டத்தை சுமார் ±5.9 பாகையில் வெட்ட வேண்டும். 2.10ஐ அந்தக் கோணத்தின் சைனால் பெருக்கினால் உந்தம் ஆங்ஸ்ட்ராமுக்கு 0.215 என்று வரும். இரு பக்கமும் சமமாக இல்லையென்றால் பூஜ்யக் கோணம் தவறாக இருக்கிறது. அதைச் சரிசெய்துவிட்டு மேலே போங்கள்.

இப்போது எலக்ட்ரானின் செயல்நிறையைக் கண்டுபிடிக்கலாம். வெளியில் தனியாக இருக்கும் எலக்ட்ரானுக்கு ஆற்றல் என்பது உந்தத்தின் வர்க்கத்தை 3.81ஆல் பெருக்கியது. 0.215இன் வர்க்கம் 0.0462, பெருக்கினால் 0.176 எ.வோ. செம்பின் மேற்பரப்பில் அதே உந்தத்துக்கு அளந்தது 0.43. 0.176ஐ 0.43ஆல் வகுத்தால் 0.41. அதாவது இந்த மேற்பரப்பில் எலக்ட்ரான் தன் இயல்பான நிறையில் 41 சதவீதமே இருப்பது போல நடந்துகொள்கிறது. ஃபெர்மி மட்டத்தில் அதன் வேகம் விநாடிக்கு சுமார் 6 லட்சம் மீட்டர். ஒரு விளக்கு, ஒரு படிகம், ஒரு கோணமானி ஆகியவற்றை வைத்து இந்த எண்ணை எட்டுகிறோம் என்பது எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

0.41க்கு அருகில் வந்துவிட்டீர்களா? அப்படியானால் ஆற்றல் அளவுகோல், கோண அளவுகோல், பரப்பின் தரம் மூன்றும் சரி. 0.5 என்றோ 0.3 என்றோ வந்தால் பெரும்பாலும் கோண அளவுகோலில்தான் கோளாறு இருக்கும். அனலைசரின் லென்ஸ் முறைக்கான கோப்பும் சாம்பிளின் தூரமும் சரியா என்று பாருங்கள்.

கோணப் பிரிதிறனை இன்னும் கடுமையாகச் சோதிக்க வேண்டுமானால் அடுத்தது தங்கத்தின் (111) முகம். அங்கே இதே மேற்பரப்பு நிலை இரண்டு பரவளையங்களாகப் பிரிந்திருக்கும். தங்கத்தின் கனமான அணுக்கருவுக்கு அருகில் தற்சுழற்சிக்கும் இயக்கத்துக்கும் உள்ள பிணைப்பு வலுவாக இருப்பதால் வரும் பிளவு அது. 1996இல்தான் இதை ஆர்பெஸில் முதலில் பிரித்துப் பார்த்தார்கள். இரண்டுக்கும் இடையே உந்தத்தில் 0.025தான் வித்தியாசம், ஹீலியம் விளக்கில் அது 0.7 பாகை. இரண்டு கோடும் தனித்தனியாகத் தெரிந்தால் உங்கள் கருவி எந்த ஆய்வுக்கும் தயார்.

படத்தில் வரும் பொய்கள்

ஹீலியம் விளக்கு 21.22 மட்டும் தருவதில்லை. 23.09 எ.வோ.விலும் பலவீனமான ஒரு கோடு உண்டு. ஒற்றை நிறமாக்கி இல்லாத விளக்கில் அதுவும் சாம்பிளில் விழும். விளைவு: உண்மையான படத்தின் மங்கலான நகல் ஒன்று 1.87 எ.வோ. மேலே தள்ளி விழும். செம்பில் இது சரியாக உறுத்தும் இடத்தில் வரும். செம்பின் வலுவான டி-பட்டைகள் 2 எ.வோ. ஆழத்தில் தொடங்குவதால் அவற்றின் நகல் ஃபெர்மி மட்டத்துக்குச் சற்றுக் கீழே வந்து உட்காரும். புதிய நிலை கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைப்பதற்கு முன், சந்தேகப்படும் கோட்டுக்கு 1.87 கீழே அதே வடிவத்தில் வலுவான கோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

மின் கடத்தாத சாம்பிளில் எலக்ட்ரான் வெளியேற வெளியேற நேர்மின்னேற்றம் தேங்கும். படம் முழுவதும் ஆழமான பக்கம் நகர்ந்துவிடும், கோடுகள் அகலமாகும். சோதனை எளிது: ஒளியின் அளவைப் பாதியாகக் குறையுங்கள். கோடுகள் இடம் மாறினால் மின்னேற்றம். குளிரும்போது மின்தடை ஏறும் பொருட்களில் இது குறைந்த வெப்பநிலையில் மட்டும் தலைகாட்டும், அங்கேதான் ஆற்றல் இடைவெளி என்று தவறாகப் புரிந்துகொள்வதும் நடக்கும்.

படத்தில் ஒரு பட்டை தெரியவில்லை என்பதால் அது இல்லை என்று எழுதிவிடாதீர்கள். ஒளியின் முனைவாக்கத்துக்கும் எலக்ட்ரான் இருக்கும் ஆர்பிட்டலின் வடிவத்துக்கும் உள்ள உறவைப் பொறுத்து ஒரு பட்டை பளிச்சென்றும் தெரியலாம், முற்றிலும் மறைந்தும் போகலாம். முனைவாக்கத்தை மாற்றி, அல்லது சாம்பிளை 90 பாகை சுழற்றி, இன்னொருமுறை பாருங்கள். கிராஃபீனில் ஃபெர்மி மட்டத்துக்குக் கீழே வரையும் வட்டத்தின் ஒரு பக்கம் எப்போதும் காணாமல் போவது இந்த வகைதான்.

மேற்பரப்பு நிலையா, உட்பகுதியின் பட்டையா என்ற கேள்விக்கு ஹீலியம் விளக்கில் முழு விடை கிடைக்காது. சிங்க்ரோட்ரானில் ஃபோட்டான் ஆற்றலை மாற்றிப் பார்க்க வேண்டும். ஆற்றலை மாற்றினால் செங்குத்து உந்தம் மாறும். உட்பகுதியின் பட்டை அதோடு நகரும். மேற்பரப்பு நிலை பிரகாசத்தில் ஏறி இறங்குமே தவிர இடம் மாறாது. 2009இல் பிஸ்மத் செலினைடில் கண்ட கூம்பு வடிவ நிலை மேற்பரப்புக்கே உரியது என்பதை உறுதிசெய்த சோதனைகளில் இதுவும் ஒன்று.

அதே பிஸ்மத் செலினைடுக்கு வயதாகும் குணமும் உண்டு. பிளந்த சில மணி நேரத்திலேயே, நல்ல வெற்றிடத்திலும்கூட, பட்டைகள் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். காலையில் எடுத்த படத்தையும் மாலையில் எடுத்த படத்தையும் வைத்து வெப்பநிலையின் விளைவு என்று முடிவுக்கு வருவது இப்படித்தான் தவறாகப் போகிறது. வெப்பநிலையை ஏற்றிக்கொண்டே அளந்தால், முடிந்ததும் இறக்கித் தொடக்க நிலையிலும் ஒரு படம் எடுத்தே ஆக வேண்டும்.

உங்கள் சாம்பிளுக்கு வரும்போது

வரிசை இப்படி இருக்கட்டும். பிளந்தவுடன், நேரத்தைக் குறித்துவிட்டு, முதலில் அகலமான ஆற்றல் வீச்சில் ஒரு வேகமான அளவீடு. எக்ஸ்-கதிர் இருந்தால் கார்பன் 285 எ.வோ. அருகிலும் ஆக்ஸிஜன் 530 அருகிலும் தலைகாட்டுகிறதா என்று பாருங்கள். இருக்கக் கூடாத இடத்தில் அவை இருந்தால் அந்த முகத்தில் நேரத்தைச் செலவிடாதீர்கள். அடுத்து ஒளிப்புள்ளியைப் பரப்பின் மீது நகர்த்தி, கோடுகள் கூர்மையாக வரும் இடத்தைத் தேடுங்கள். பிறகு பெரிய பிளவில் ஃபெர்மி மட்டத்தின் வரைபடம். சமச்சீர் எங்கே என்று அதிலிருந்து தெரியும். பிறகுதான் சிறிய பிளவில், தேர்ந்தெடுத்த திசையில், நீண்ட நேர அளவீடு.

எண்ணிக்கையைக் கூட்டுவதற்காக ஒளியை அதிகப்படுத்தும்போது டிடெக்டர் திணறுகிறதா என்று கவனியுங்கள். சேம்பர் அழுத்தம் 10⁻⁶ மில்லிபாருக்கு மேல் இருக்கும்போது டிடெக்டரின் உயர் மின்னழுத்தத்தைப் போடவே போடாதீர்கள்.

பகுப்பாய்வில் இரண்டு வெட்டுகள் உண்டு: உந்தத்தை நிறுத்தி ஆற்றலில் வெட்டுவது, ஆற்றலை நிறுத்தி உந்தத்தில் வெட்டுவது. செங்குத்தாக ஓடும் பட்டைகளுக்கு இரண்டாவதைப் பயன்படுத்துங்கள். அங்கே வரும் உச்சியின் அகலத்தைத் தலைகீழாக்கினால், எலக்ட்ரான் மோதாமல் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதற்கு ஒரு மதிப்பீடு கிடைக்கும். பட்டையின் அடிப்பகுதிக்கு முதல் வெட்டு. பகுப்பாய்வு மென்பொருளான இகோர் புரோ இந்தத் துறையில் பழையது, பைத்தானிலும் நல்ல கருவிகள் வந்துவிட்டன. எதில் செய்தாலும் மூலக் கோப்பின் மீது எழுதாதீர்கள்.

ஒவ்வொரு கோப்புக்கும் எதிரே நேரம், அழுத்தம், வெப்பநிலை, பிளவு, உள் ஆற்றல், சாம்பிளின் ஆறு ஆயங்கள், எந்தத் தங்கக் கோப்பு இதற்கு உரியது என்பதையெல்லாம் காகித நோட்டிலும் எழுதுங்கள். சாம்பிளை வெளியே எடுப்பதற்கு முன், காலையில் எடுத்த முதல் படத்தை அதே இடத்தில், அதே அமைப்பில், மறுபடியும் எடுங்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் இடையில் எடுத்த எல்லாவற்றிலும் அந்த நகர்வைக் கணக்கில் எடுக்க வேண்டும். அதற்குப் பிறகு தங்கத்தை ஒருமுறை அளந்துவிட்டு விளக்கை அணையுங்கள்.